மருதாணிக் கட்டை

“வீட்ல புறா ஏதாச்சும் வளர்க்கறீங்களா?”

டாக்டரம்மா இப்படிக் கேட்டதும் அனீஸுக்குச் சிரிப்புத்தான் வந்தது. நிலோஃபரின் இருமலுக்கும் புறாவுக்கும் என்ன சம்பந்தம்? “இல்லீங்க” என்றான். கிளி? கோழி? வீட்டுச் சுவரில் ஈரம் ஊறுமா? ஏர்கூலர் உண்டா? ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே அந்த அம்மாள் அடுத்ததைக் கேட்டாள்.

“என்ன வேலை பார்க்கறீங்க?”

“மரக் கடைசலுங்க. குனியமுத்தூர்ல, ஊட்டுக்குப் பின்னாடியே பட்டறை.”

“இவங்களும் பட்டறைல வேலை செய்வாங்களா?”

“ஆமாங்க டாக்டர்” என்று நிலோஃபர் முந்திக்கொண்டாள். “இவர் கடைஞ்சு குடுத்துருவாரு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறது, மெழுகு பூசறதெல்லாம் நாந்தானுங்க.”

“பூசணம் புடிச்ச பொருள் ஏதாவது கிட்ட வெச்சுப் புழங்கறதுண்டா?”

அனீஸ் மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் நுரையீரல் பொம்மையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நிலோஃபருக்குக் கேள்வியின் உள்ளர்த்தம் எட்டவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து, ஒரு படத்தைத் தேடிப் பிடித்து டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

“இதுங்க. பூசணம் புடிச்ச கட்டைல செஞ்சது. அழகா இருக்குதுங்களா?”

அது ஒரு மாமரக் கிண்ணம். வெண்ணெய் நிற மரத்தில் கன்னங்கரேலென்று மெல்லிய கோடுகள் ஓடின. ஓரிடத்தில் நெளிந்து, ஓரிடத்தில் சுழித்து, விளிம்புக்குக் கீழே ஒரு மலைத்தொடர்போல ஏறி இறங்கின. டாக்டரம்மா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இந்தக் கோடெல்லாம் வரைஞ்சதா?”

“இல்லீங்க, அதுவா வாரது. கட்டை உளுத்துப் போறதுக்கு முன்னால…” நிலோஃபர் மூச்சுக்கு நிறுத்தினாள். “…பூசணம் உள்ள எறங்கையில போடற கோடுங்க.” மறுபடி நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

“ரொம்ப அழகா இருக்குங்க” என்றாள் டாக்டரம்மா. போனை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு, பேனாவையும் மூடி வைத்தாள்.

அவள் பேனாவை மூடியபோதே அனீஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

*

ஆறு வருஷத்துக்கு முன்னால்வரை அனீஸ் கடைந்ததெல்லாம் கட்டில் காலும் மாடிப்படிக் கைப்பிடித் தூணும்தான். ஊர் முழுக்க இரும்புக் கட்டிலும் கண்ணாடிக் கைப்பிடியும் வந்தாலும், அவனுக்கு வேலை குறையவில்லை. ஆனால் அந்த வேலையில் அவனுக்கு ஒட்டுதல் கிடையாது. ஒரு காலைப்போல இன்னொரு காலைக் கடைய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆனைமலைப் பக்கத்துத் தோப்பிலிருந்து வந்த மாங்கட்டைகளில் ஒன்று, பட்டறைக்குப் பின்னால் மறந்து கிடந்துவிட்டது. ஆனி, ஆடித் தூறலில் நனைந்து, மேலே காளான் பூத்து, விறகுக்குத்தான் ஆகும் என்று ஆனது. நிலோஃபர்தான் ஒருநாள் குளிக்க வெந்நீர் வைப்பதற்கு அதைப் பிளந்தாள். பிளந்தவள் கோடாலியைப் போட்டுவிட்டு, “ஏனுங்க, இங்க வாங்க, இங்க வாங்க” என்று கூவினாள். கையில் ஒரு சிலாம்பு. “பாருங்க, யாரோ கட்டைக்கு மருதாணி வெச்சு உட்டாப்ல இருக்குது.”

அன்றைக்கு வெந்நீரும் இல்லை, சமையலும் இல்லை. மீதிக் கட்டையைக் கடைசல் மிஷினில் ஏற்றி அனீஸ் ஒரு கிண்ணம் கடைந்தான். உளியின் முனையில் கோடுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தன. அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லவே முடியாது. முப்பது வருஷம் உளி பிடித்தவன், முதல்தடவையாக மிஷின் எதிரே சின்னப் பிள்ளையைப்போல வாயைத் திறந்துகொண்டு நின்றான். நிலோஃபர் உப்புத்தாளை எடுத்து, சுழலும் கிண்ணத்தின் வயிற்றில் வைத்துத் தேய்த்தாள். மாவுபோலத் தூசி பறந்து அவள் புருவத்திலும் முக்காட்டிலும் படிந்தது.

அப்போதிருந்து அவர்கள் வீட்டில் அதற்குப் பெயர் மருதாணிக் கட்டை. எந்தக் கட்டையை எத்தனை மாதம் ஈரத்தில் போட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்பதெல்லாம் நிலோஃபர் கணக்கு. கொஞ்சம் முந்தினால் கோடு விழாது. கொஞ்சம் பிந்தினால் கட்டை பஞ்சாகி, உளி பட்டதும் பிய்ந்துகொண்டு வரும். அவள் நகத்தால் அழுத்திப் பார்ப்பாள், முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பாள், மோந்து பார்ப்பாள். “இது இன்னும் இருபது நாள் கெடக்கட்டுங்க” என்பாள். இருபதாம் நாள் பிளந்தால் அவள் சொன்னதுபோலவே இருக்கும். மகள் இஃப்ரா போனில் படம் எடுத்துப் போட, பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் கேட்டு வாங்கினார்கள். கட்டில் கால் வேலையை அனீஸ் விட்டே விட்டான்.

ரேஸ்கோர்ஸ் பக்கம் ஆபீஸ் வைத்திருந்த கதிரேசன் என்ற இன்ஜினீயர், தான் கட்டும் வீடுகளுக்கு அவர்களிடம்தான் கிண்ணமும் தட்டும் வாங்குவார். படித்த மனுஷர். அந்தக் கோடுகள் ஏன் வருகின்றன என்று அவர்தான் சொன்னார். ஒரே கட்டைக்குள் இரண்டு மூன்று வகைப் பூசணம் குடியேறுமாம். ஒன்று இன்னொன்றைத் தன் இடத்துக்குள் விடாமல் இருக்கப் போடும் வேலிதான் அந்தக் கறுப்புக் கோடாம். கேட்டுவிட்டு நிலோஃபர் ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “நம்மூரு தோட்டத்து வரப்புத் தகராறு மாதிரியே இருக்குதுங்க.”

அதே கதிரேசன்தான் இன்னொருநாள், “பாய், இந்தத் தூசி நல்லதில்லீங்க. சாதா மரத்தூள் மாதிரி நெனைச்சுறாதீங்க. ஃபில்டர் வெச்ச மாஸ்க் விக்குது, அதைப் போட்டுக்கிட்டு வேலை செய்யுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அனீஸ் மறுநாளே டவுன்ஹால் பக்கம் போனான். கடையில் ஒன்றுதான் இருந்தது. இரண்டு பக்கமும் உருண்டையாக ஃபில்டர் வைத்த ரப்பர் மாஸ்க். இன்னொன்று அடுத்த வாரம் வரும் என்றார்கள். வாங்கிவந்ததை மாட்டிக்கொண்டு மிஷின் முன்னால் நின்றான். நிலோஃபர் பார்த்துவிட்டு, “யானைக்குட்டி மாதிரி இருக்கறீங்க” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வழக்கம்போல முக்காட்டு நுனியை மூக்கைச் சுற்றி இழுத்துக் கட்டிக்கொண்டு தேய்க்க உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் ஒரு பெரிய வேலை வந்தது. அதற்கடுத்த வாரம் ஈகைப் பெருநாள். அப்புறம் மழை. அந்த இன்னொரு மாஸ்க்கை அனீஸ் வாங்கவேயில்லை. வாங்கக்கூடாது என்று அவன் நினைக்கவில்லை. மறந்துபோனான். தினமும் காலையில் தன் மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டே, அவளுக்கு ஒன்று வேண்டும் என்பதை மூன்று வருஷம் மறந்திருந்தான்.

*

“இதுதான் காரணம்னு நூத்துக்கு நூறு என்னால சொல்ல முடியாதுங்க” என்றாள் டாக்டரம்மா. “சிலருக்கு ஒத்துக்கும், சிலருக்கு ஒத்துக்காது. ஆனா வாய்ப்பு இருக்கு. நுரையீரல் நெறைய எடத்துல தழும்பாயிருக்கு. தழும்பான எடம் திரும்ப வராது. மிச்சத்தைக் காப்பாத்தத்தான் பார்க்கணும். இனிமே அந்தப் பட்டறைப் பக்கமே இவங்க போகக்கூடாது.”

முதலில் மாத்திரை, அப்புறம் ஊசி, அப்புறம் வீட்டிலேயே ஆக்ஸிஜன் மிஷின். முன்னறையில் கட்டிலைப் போட்டு, மூக்கில் குழாயோடு நிலோஃபர் படுத்திருந்தாள். குளியலறைக்கு நடந்து போய் வருவதற்குள் உதடு நீலம் பாரித்துவிடும். இஃப்ரா காலேஜுக்குப் போகுமுன் அம்மாவுக்குத் தலை பின்னி விடுவாள். பின்னி முடிப்பதற்குள் நிலோஃபர் இரண்டு தடவை, “சித்தெ இரு கண்ணு” என்று சுவரில் சாய்ந்துகொள்வாள்.

பட்டறைக்குப் பின்னால் பதினாலு கட்டைகள் ஈரச் சாக்குக்கடியில் கிடந்தன. அவளே பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவை. சூலூர்ப் பக்கம் ரோடு போடச் சாய்த்த புளியமரத்தில் மூன்று, மற்றதெல்லாம் மா. அனீஸுக்கு அவற்றைப் பார்க்கவே ஆகவில்லை. சாக்கைத் தூக்கினால் வரும் வாடை, அவன் இத்தனை வருஷம் ஆசையாக இழுத்த வாடை, இப்போது அவனை மூக்கைப் பொத்த வைத்தது. ஒரு வியாழக்கிழமை காலையில் லோடு ஆட்டோ வரவழைத்து, பதினாலையும் ஒரு பேக்கரியின் விறகடுப்புக்கு ஏற்றி அனுப்பிவிட்டான். பட்டறையில் விற்காமல் இருந்த கிண்ணங்களையும், வீட்டில் இருந்த இரண்டையும் கூடவே போட்டான். நிலோஃபரிடம் சொல்லவில்லை. ஆட்டோ சத்தம் கேட்டு, “யாருங்க?” என்றவளிடம், “தண்ணி லாரி” என்றான்.

நான்கு நாள் கழித்து அவளே கேட்டாள்.

“ஏனுங்க, அந்தப் புளியங்கட்டையைத் திருப்பிப் போட்டீங்களா? ஒரே பக்கம் ஈரம் பட்டா கோடு கூடி வராது.”

அனீஸ் ஆக்ஸிஜன் குழாயின் முறுக்கை நேராக்கினான்.

“உங்களைத்தானுங்க.”

“அதெல்லாம் இல்ல நிலோ. அனுப்பிப்போட்டேன்.”

“எங்க?”

“வெறகுக்கு.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக்ஸிஜன் மிஷின் புஸ், புஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. கண்ணீர் அவள் காதுக்குள் இறங்கி, குழாயை நனைத்தது. நோய் இன்னதென்று டாக்டர் சொன்ன அன்றுகூட அவள் இப்படி அழவில்லை.

“அத்தனையுமா?”

“உன்னைக் கொன்னுட்டிருக்குது அது. அதை ஊட்ல வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

“என்னோடதுங்க அது.” மூச்சு இழுத்தது. “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல. ஒவ்வொண்ணும் எந்த மாசம் போட்டதுன்னு… எனக்குத் தெரியும். கண்ணை மூடினா அதுக்குள்ள கோடு எப்படி ஓடியிருக்கும்னு நெனைச்சுப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன். பொழுது போறதே அப்படித்தான். அதையும் வெறகாக்கிப்போட்டீங்களே.”

அனீஸ் கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தான். இத்தனை மாதம் நெஞ்சுக்குள் கிடந்தது அப்போதுதான் வாய்க்கு வந்தது.

“நிலோ, அந்த மாஸ்க்கு… அன்னிக்கு ஒண்ணுதான் வாங்கிட்டு வந்தேன். இன்னொண்ணு வாங்கறேன் வாங்கறேன்னு…”

“தெரியும்.”

“மறந்துபோட்டேன் நிலோ. சத்தியமா மறந்துதான்…”

“தெரியுமுங்க” என்றாள் மறுபடியும். அவள் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “பையைத் தொறக்கறப்பவே பார்த்தேன். ஒண்ணுதான் இருந்துச்சு. நீங்களே எடுத்து மாட்டிக்கிட்டீங்க. உனக்கு வேணுமான்னு கேப்பீங்கன்னு இருந்தேன். கேட்டிருந்தா, எனக்கெதுக்கு, நீங்க போட்டுக்கங்கன்னுதான் சொல்லியிருப்பேன்.” நிறுத்தி, மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். “கேக்கலை. அதான் சிரிச்சேன்.”

அனீஸ் அவள் கட்டிலின் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அவள் கை அவன் தலையில் வந்து படிந்தது. உள்ளங்கை இன்னும் சொரசொரப்பாகத்தான் இருந்தது. உப்புத்தாள் காய்ப்பு போயிருக்கவில்லை.

“கால் மரத்துப் போச்சுங்க. சித்தெ அமுக்கி உடுங்க” என்றாள்.

அவன் அமுக்கிவிட்டான். அதற்குப்பின் அவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில், இஃப்ரா தண்ணீர் கொண்டுவர உள்ளே போயிருந்தபோது, அனீஸின் கையைப் பிடித்தபடியே நிலோஃபர் மூச்சடங்கி மவுத்தானாள்.

*

இஃப்ரா அழவில்லை. ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அழவில்லை, நாற்பதாம் நாள் ஓதியபோதும் அழவில்லை. காலேஜுக்குப் போனாள், வந்தாள், சோறாக்கினாள். மூன்று மாதம் கழித்து ஒருநாள் கேட்டாள்.

“அத்தா, அம்மா தேய்ச்ச கிண்ணம் ஒண்ணுகூடவா நம்ம ஊட்ல இல்ல?”

“இல்ல கண்ணு.”

“ஒண்ணாச்சும் வெச்சிருக்கலாமில்லீங்களா?”

அவளே பழைய பார்சல் சீட்டுகளைப் புரட்டினாள். ஏழெட்டுப் பேருக்குப் போன் செய்தாள். ஒருவர் அமெரிக்கா போய்விட்டார், இரண்டு பேர் எடுக்கவில்லை. கொடுமுடியில் பழனியாத்தாள் என்ற ஓய்வுபெற்ற டீச்சர் மட்டும், “இருக்குதே அம்மணி, தினம் பொழங்கறேனே” என்றார்கள். இஃப்ராவுக்கு அதற்குமேல் கேட்க வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு அத்தாவைப் பார்த்தாள். அனீஸ் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈரோட்டில் பஸ் மாறி கொடுமுடியில் போய் இறங்கினான்.

காவிரிக்குப் போகும் தெருவில் ஓட்டு வீடு. டீச்சருக்கு எழுபது வயதிருக்கும். கிண்ணம் செய்த பாய் என்றதும் உள்ளே கூட்டி உட்காரவைத்து, மோர் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்ததாக அனீஸ் சொல்லிவைத்தான். கிண்ணம் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் நிறையச் செவ்வரளியும் நந்தியாவட்டையும்.

“கோயிலுக்குப் பூக் கொண்டு போறது இதுலதானுங்க. எல்லாரும் கேப்பாங்க, இந்தக் கோடு யாரு வரைஞ்சதுன்னு” என்று சிரித்தவர்கள், பூவை ஒரு தட்டில் கொட்டிவிட்டுக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தார்கள். “தண்ணி பட்டுப் பட்டு வெளிப்பக்கம் மங்கிப் போச்சுங்க. வந்ததுதான் வந்தீங்க, எடுத்துட்டுப் போயி ஒருக்காத் தேய்ச்சு அனுப்பினீங்கன்னா புதுசாட்டம் ஆயிருமில்லீங்களா?”

அனீஸ் கிண்ணத்தின் உட்புறம் கட்டைவிரலை ஓட்டினான். எங்கேயும் தடுக்கவில்லை. பிய்ந்துபோகிற பஞ்சுக் கட்டையில் இப்படி ஒரு வழவழப்பைக் கொண்டுவர எத்தனை பொறுமை வேண்டும், எத்தனை தடவை தாள் மாற்ற வேண்டும், எத்தனை தூசி பறந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

“தேய்க்க வேண்டாங்க” என்றான். “தேய்ச்சவங்க நல்லாத் தேய்ச்சிருக்காங்க.”

“யாருங்க, நீங்க இல்லீங்களா?”

“எங்க ஊட்டுக்காரிங்க. நிலோஃபர்னு பேரு. கட்டையைப் பொறுக்கறதுலருந்து எல்லாமே அவதானுங்க. நான் கடைஞ்சு குடுத்ததோட சரி.”

“அவுங்களையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமுங்களே.”

அனீஸ் தலையைக் குனிந்துகொண்டான். “அவ இல்லீங்க. மூணு மாசம் ஆச்சு.”

டீச்சர் கொஞ்ச நேரம் அவன் கையையும் கிண்ணத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுந்து உள்ளே போய், ஒரு துண்டைக் கொண்டுவந்து கிண்ணத்தை வாங்கித் துடைத்து, துண்டிலேயே சுற்றித் திரும்ப அவனிடம் நீட்டினார்கள்.

“எடுத்துட்டுப் போங்க தம்பி. நீங்க அதுக்குத்தான் வந்தீங்க. சொல்லமாட்டாம உக்காந்திருக்கறீங்க.”

அவன் வேண்டாம் என்று சொல்ல நினைத்தான். சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கிண்ணத்தைக் கொடுத்ததும், இஃப்ரா துண்டைப் பிரித்துப் பார்த்தாள். எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அலமாரியில் வைத்தாள், எடுத்தாள். ஜன்னலில் வைத்தாள், எடுத்தாள். கடைசியில் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, நூறு நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். அனீஸ் பக்கத்தில் நின்றான். அவள் தோளைத் தொடக் கை நீண்டது, பாதியில் நின்றது. தன்னிடம் இருப்பதைச் சொல்லாமல் அவளைத் தொடக்கூடாது என்று தோன்றியது.

உட்கார்ந்து சொன்னான். டவுன்ஹால் கடை, அந்த ஒரே மாஸ்க், மூன்று வருஷம், நிலோஃபர் சொன்ன வார்த்தைகள் எதையும் விடாமல் சொன்னான். விறகுக்குப் போட்டதில் வீட்டுக் கிண்ணங்களும் சேர்த்தி என்பதையும் சொன்னான். இஃப்ரா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவன் முடித்ததும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒன்பது நாள் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் டீயைப் போட்டு மேஜையில் வைத்துவிட்டுக் காலேஜுக்குப் போய்விடுவாள். அவன் அந்த டீயை ஆறவிட்டுக் குடிப்பான். பட்டறையைத் திறக்கவில்லை. அவள் பேசாமலே போய்விட்டாலும் அது நியாயம்தான் என்று நினைத்தான். அப்படி நினைத்தாலும், மத்தியானத்தில் கேட் திறக்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டேதான் இருந்தான்.

பத்தாம் நாள் மத்தியானம் கேட் திறந்தது. இஃப்ரா பையை மாட்டிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. கொஞ்சநேரத்தில் நிலைக்கதவருகே வந்து நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

“சோறு போடட்டுங்களா அத்தா?”

“போடு கண்ணு” என்றான் அனீஸ்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.